ரூம் ஈக்யூ விஸார்ட் + யூமிக்-1: புதுசா ரூம் அளக்கறவங்களுக்கு இது போதுமா?

போதும், தாராளமா போதும். ஸ்பீக்கர் மாத்தலாமா ஆம்ப் மாத்தலாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்கன்னா அதுக்கு முன்னாடி யூமிக்-1ங்கற இந்த மைக்கை வாங்கி, ரூம் ஈக்யூ விஸார்ட்ங்கற சாஃப்ட்வேர்ல உங்க ரூம்ல சத்தம் எப்படி வருதுன்னு அளந்து பாத்துடுங்க, ஏன்னா 200 ஹெர்ட்ஸுக்கு கீழ நீங்க கேக்கறதுல பெரும்பங்கு ரூம் பண்ற வேலை.

சாஃப்ட்வேர் இலவசம், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும். யூமிக் யூஎஸ்பி மைக், தனியா சவுண்ட் கார்டு வேணாம். ஒவ்வொரு மைக்கோட சீரியல் நம்பருக்கும் தனி காலிப்ரேஷன் ஃபைல் (அந்த மைக்கோட பிழையை சரிபண்ற ஃபைல்) இருக்கு, கண்டிப்பா லோட் பண்ணுங்க, மைக்கை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி வச்சா சாதா ஃபைல், கூரையை பாத்து நிமித்தி வச்சா 90 டிகிரி ஃபைல். கையில பிடிக்காம ஸ்டாண்டுல, உக்காந்தா காது வர்ற உயரத்துல வைங்க. லெஃப்ட் ஸ்பீக்கரை தனியா, ரைட்டை தனியா, அப்புறம் ரெண்டும் சேத்து அளங்க.

முதல் கிராஃப் பாத்ததும் பதறாதீங்க, பாஸ்ல, அதாவது அடித்தொனில, 10, 15 டிபி (டெசிபல்) மேடு பள்ளம் சாதாரண ரூம்ல சகஜம். 343ஐ (ஒலியோட வேகம், செகண்டுக்கு இத்தனை மீட்டர்) ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா முதல் மோடு, அதாவது ரூம் அளவால தானா தங்கி ஒலிக்கற முதல் ஃப்ரீக்வென்சி, எங்கன்னு தெரிஞ்சிடும், 5 மீட்டர்னா 34 ஹெர்ட்ஸ் பக்கம். அங்க வர்ற மேட்டை ஈக்யூ (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை மட்டும் ஏத்தி இறக்கறது) போட்டு இறக்கலாம், ஆனா பள்ளத்தை ஈக்யூல தூக்க பாக்காதீங்க, செவுத்துல பட்டு திரும்பற அலை நேரா வர்றதை அடிச்சு சாப்பிடறதால வர்ற பள்ளம் அது, நீங்க எவ்ளோ ஏத்தினாலும் திரும்பி வர்றதும் அவ்ளோ ஏறும், ஆம்புக்குத்தான் சுமை. ஸ்பீக்கருக்கும் பின் செவுத்துக்கும் 1 மீட்டர் இருந்தா 86 ஹெர்ட்ஸ் கிட்ட இந்த மாதிரி ஒண்ணு வரும், ஸ்பீக்கரை நகத்தினா அதுவும் இடம் மாறும். நாற்காலி ரூமுக்கு நட்ட நடுவுல இருந்தா முதல் மோடு அங்க காணாமலே போயிடும், கொஞ்சம் பின்னாடி தள்ளி திரும்ப அளந்து ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாருங்க, செலவே இல்லாம எவ்ளோ மாறுதுன்னு கண்ணால பாக்கற அந்த சந்தோஷத்துக்காகவே எனக்கு இந்த செட் ரொம்ப பிடிக்கும்.

சாஃப்ட்வேர்ல டேப் எக்கச்சக்கம், ஆரம்பத்துல எஸ்பிஎல்லும் (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிலயும் சத்தம் எவ்ளோன்னு காட்டற கிராஃப்) வாட்டர்ஃபாலும் போதும். எந்த பாஸ் நோட் அடங்காம இழுத்துக்கிட்டே இருக்குன்னு வாட்டர்ஃபால் காட்டிடும், ஆர்டி60 (சத்தம் 60 டிபி அடங்க ஆகற நேரம்) நம்பரை சின்ன ரூம்ல பாஸுக்கு நம்ப வேணாம். கிராஃபோட மேடு பள்ளத்தை மழுப்பி காட்டற ஸ்மூத்திங்கும் பாஸ் பாக்கும்போது ஆஃப்லயே இருக்கட்டும், இல்லன்னா பிரச்சனையே மறைஞ்சிடும்.