படைவீரரின் மனைவிக்கு பணி உரிமத்துக்கு எது துணை: மாநில ஒப்பந்தமா, மத்தியச் சட்டமா?

அமெரிக்காவில் படைவீரருக்கு இடமாற்ற ஆணை வந்தால், செவிலியரான மனைவி புதிய மாநிலத்தில் பணிபுரிய இரண்டு வழிகள் உள்ளன. ஒரே உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கும் செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் இணைந்திருப்பதால், பன்மாநில உரிமம் பெற்றவர் அவற்றில் எங்கும் மறுவிண்ணப்பமின்றி வேலையில் சேரலாம். கணவரின் பணிக்காலம் முழுவதும் சொந்த மாநிலத்தையே இருப்பிடமாக வைத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. ஆனால் படைத்தளங்கள் நிறைந்த கலிபோர்னியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

இரண்டாவது வழி, முந்தைய மாநிலத்தின் உரிமத்தைப் புதிய மாநிலத்திலும் ஏற்கச் செய்யும் மத்தியச் சட்டம்; 2023 ஜனவரியில் கையெழுத்தான இது பெரும்பாலான தொழில் உரிமங்களுக்குப் பொருந்துகிறது. எனினும், இடமாற்ற ஆணையைக் காட்டிப் புதிய மாநிலத்தின் உரிம வாரியத்தை நாடவேண்டியிருப்பதால், தாமதத்தின் சுமை குடும்பத்தின் மீதே விழுகிறது. ஆகவே, ஒப்பந்தம் எட்டும் இடங்களில் அதுவே மேலானது; கலிபோர்னியாவுக்குச் செல்லும் செவிலியரும், ஒப்பந்தமே இல்லாத தொழிலினரும் மத்தியச் சட்டத்தையே நாடவேண்டும்.