திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை: வாடகை 6,200, முன்பணம் ஒரு மாதம்

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது இந்த மேன்ஷன், அதாவது ஆண்கள் மாத வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் கட்டடம். பெயரை எழுத வேண்டாம் என்று மேனேஜர் அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். காலியாகப் போகும் அறைக்கே ஆட்கள் சொல்லிவைத்துக் காத்திருக்கிறார்கள், போன் வந்துகொண்டே இருந்தால் பதில் சொல்லி மாளாது என்பது அவர் கவலை. ஆனால் இந்தப் பக்கத்து மேன்ஷன்கள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. இருபதாயிரம், முப்பதாயிரம் சம்பளத்தில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தங்க இடம் தேடும் ஆண் பிள்ளைகளுக்கு இது உதவும்.

அறை எட்டடிக்குப் பத்தடி. இரும்புக் கட்டில், ஸ்டீல் பீரோ, சின்ன மேசை, ஃபேன், டியூப் லைட். தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிற அறை கிடைத்தால் விடாதீர்கள்; நடைபாதைப் பக்கம் ஜன்னல் என்றால் காற்று வராது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் மூன்றாம் மாடி அறைகளில் சித்திரை, வைகாசியில் நடுராத்திரியிலும் சுவர் சுடும். இரண்டாம் மாடியைக் கேளுங்கள். ஆறு அறைக்கு இரண்டு பாத்ரூம். காலையில் ஏழரைக்கு மேல் போனால் வாளியை வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு மெட்ரோ வாட்டரைக் கீழே வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கொடுத்த மெத்தையில் மூட்டைப்பூச்சி இருந்தது. சொன்ன மறுநாளே மெத்தையை மாற்றி மருந்தடித்தார்கள், ஆனால் சொன்ன பிறகுதான் செய்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் கட்டில் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கரண்ட், தண்ணீர் எல்லாம் அந்த 6,200-க்குள் அடங்கும். அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு கூடாது. ஊரிலிருந்து அப்பா வந்தால் ஒரு இரவுக்கு 200 ரூபாய் தனி. நண்பர்கள் தங்க அனுமதி இல்லை.

இவ்வளவு குறை இருந்தும் நான் இங்கே இருப்பதற்கு முக்கியமான காரணம் அந்த ஒரு மாத முன்பணம்.

இதற்கு முன் காரப்பாக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருந்தோம். வாடகை 24,000, அட்வான்ஸ் எட்டு மாதம். 1,92,000 ரூபாய். என் பங்கு 64,000. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இந்தப் பணம் வேண்டும். அம்மாவின் வளையல் இரண்டைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் கொடுத்தோம். ஒன்பதரை சதவீத வட்டி என்றால் மாதம் ஐந்நூறு ரூபாய். அதுவும் வாடகைதான், வீட்டுக்காரருக்குப் பதில் வங்கிக்குப் போகிறது. அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டிலிருந்து வருகிற பையன் என்ன செய்வான்? வாடகை கொடுக்கச் சம்பளம் இருந்தும் அவனால் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. வாடகை ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அட்வான்ஸும் கூடவே எட்டு மடங்கு, பத்து மடங்காக ஏறுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. வாடகை இரண்டாயிரம் கூடினால், அடுத்த வீட்டுக்கு இருபதாயிரம் கூடுதலாகப் புரட்ட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் செல்லும் என்று அதே பிரிவிலேயே விலக்கும் கொடுத்திருக்கிறது. பெட்டியோடு தெருவில் நிற்பவன் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்? அந்த விலக்கை எடுத்தால் தவிர இது மாறாது என்று உறுதியாக நம்புகிறேன். காலி செய்தபோது வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் அந்த வீட்டுக்காரர். ஆளுக்கு எட்டாயிரம் போனது. சுவரில் ஒரு ஆணிகூட அடித்திருக்கவில்லை.

கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். காரப்பாக்கத்தில் மாதம் வாடகைப் பங்கு 8,000, மெயின்டனன்ஸ் 800, கரண்டும் தண்ணீர் லாரியும் 600, நகைக்கடன் வட்டி 500, மாநகரப் பேருந்து பாஸ் 1,000. மொத்தம் 10,900. என் அலுவலகம் அண்ணா சாலை தபால் நிலையத்துக்குப் பக்கத்தில். காரப்பாக்கம் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால் சாயந்திரம் வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இங்கிருந்து நடந்தே போய்விடுகிறேன். ஆக 6,200-க்கு மேல் ஒன்றும் இல்லை.

மிச்சம் 4,700 என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மேன்ஷனில் சமைக்க முடியாது. காரப்பாக்கத்தில் மூவரும் மாற்றி மாற்றிச் சமைத்தபோது சாப்பாட்டுக்கு என் பங்கு 3,800-க்குள் முடிந்தது. இங்கே 5,600 ஆகிறது. ஆக உண்மையில் கையில் நிற்பது 2,900. என் சம்பளத்தில் அது பெரிய பணம். வளையலை மீட்க அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா நடத்தும் மெஸ். மதியச் சாப்பாடு 80 ரூபாயாக இருந்தது, இப்போது 100. மாத அட்டை எடுத்தால் மதியமும் இரவும் சேர்த்து 4,500. அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். கடைகளுக்கான சிலிண்டர் விலை மாதா மாதம் முதல் தேதி மாறுகிறது, வீட்டு சிலிண்டர் மாதிரி இல்லை. "தம்பி, விலையை ஏத்தவா, கூட்டைக் குறைக்கவா, நீங்களே சொல்லுங்க" என்று எங்களிடமே கேட்டார். விலையை ஏற்றச் சொன்னோம். வத்தக்குழம்பும் அப்பளமும் வைக்கிற நாளில் அந்த நூறு ரூபாய்க்குக் குறையே சொல்ல முடியாது. இரவுச் சப்பாத்தி சுமார்.

காலையில் நான் போவது அம்மா உணவகம். 2013-இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், இன்றும் ஒரு ரூபாய். பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இந்த ஊரில் இத்தனை ஆண்டுகளாக விலை ஏறாத வேறு சாப்பாடு எனக்குத் தெரியாது. அங்கே டை கட்டிக்கொண்டு நிற்கும் விற்பனைப் பிரதிநிதிகளையும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். கூச்சப்பட ஒன்றுமே இல்லை, போங்கள்.

அக்கம்பக்கம் நன்றாக அமைந்தது. எதிர் அறையில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் விழுப்புரத்து அண்ணன், பக்கத்தில் உணவு டெலிவரி செய்யும் தம்பி, மாடிப்படி ஓரத்து அறையில் வயதான அச்சகப் பிழைதிருத்துநர் ஒருவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிவந்து கொடுத்தது அந்தப் பெரியவர்தான். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் இருக்கிற இரவு மட்டும் வாலாஜா சாலைப் பக்கம் போகாதீர்கள், நடக்கவே இடம் இருக்காது.

என்னை வருத்துகிற ஒன்று: இங்கே பெண்களுக்கு இடம் இல்லை. என் தங்கை வேளச்சேரியில் பெண்கள் விடுதி ஒன்றில் நால்வர் அறைக்கு, சாப்பாட்டோடு 9,500 கொடுக்கிறாள். எனக்கு ஓர் அறை முழுதாக, அவளுக்கு ஒரு கட்டில். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவளுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதல். தாம்பரம், அடையாறு போன்ற இடங்களில் அரசு நடத்தும் தோழி விடுதிகள் இன்னும் பல மடங்கு வர வேண்டும். விடுதியில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மாதம் ஓர் ஆளுக்கு 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024-இல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. பில்லில் அப்படி ஏதாவது சேர்த்திருந்தால் தைரியமாகக் கேளுங்கள். தங்கையைப் பார்க்கத் திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நேரே வேளச்சேரிக்குப் போய்விடலாம். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் ஏறியபோது புறநகர் வண்டிகளைத் தொடவில்லை.

அறை வேண்டுமானால் போன் செய்வதைவிடப் பெரிய தெரு, பாரதி சாலைப் பக்கம் மாதக் கடைசியில் நேரில் நடந்து கேளுங்கள், ஆட்கள் காலி செய்வது அப்போதுதான். ஆதார் நகலும் அலுவலக அடையாள அட்டையும் கேட்பார்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்ய ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தால் போதும். போன மாதம் கிளம்பிய பையனுக்கு அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்ட கையோடு 6,200-ஐயும் எண்ணிக் கொடுத்தார்.