மலையாளம்–தமிழ் மொழிபெயர்ப்பில் அகராதியை ட்ரிம் செய்வது: நாள்பட்ட அனுபவம்

கணினி மொழிபெயர்ப்புக்கு அகராதி பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அபெர்டியம் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் நான் கண்டது வேறு. அதிலுள்ள இரண்டு அகராதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்தால்தான் வெளியீடு படிக்கிற மாதிரி வருகிறது. அப்படிப் பொருந்தாத சொற்களைக் கழிப்பதைத்தான் ட்ரிம் செய்வது என்கிறோம்.

அபெர்டியம் ஸ்பெயினின் அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் பிறந்த கட்டற்ற மென்பொருள். ஸ்பானியம்–கட்டலான் போன்ற நெருங்கிய மொழிகளுக்காக விதிகளை வைத்துக் கட்டியது. எங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். கைக்கு வரும் காகிதம் பெரும்பாலும் மலையாளம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) மானிய அறிவிப்பையும் பஞ்சாயத்து நோட்டீசையும் முதலில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே. அதற்காக அபெர்டியத்தில் ஒரு சிறிய மலையாளம்–தமிழ் மொழி ஜோடியை நானே கட்டிச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன்.

மலையாளச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் அகராதி ஒன்று, அதற்குத் தமிழ் சொல்லும் இருமொழி அகராதி ஒன்று. முதலாவது எப்போதுமே இரண்டாவதை முந்திக்கொண்டு வளரும். 'கர்ஷகர்க்கு' (விவசாயிகளுக்கு) என்ற சொல்லை முதல் அகராதி அறிந்திருந்து, இருமொழி அகராதியில் அது இல்லை என்றால், வெளியே வருவது '@கர்ஷகன்'. இருமொழி அகராதியில் இல்லை என்பதற்குத்தான் அந்த @ குறி. வேற்றுமை உருபு போய்விட்டது. மானியம் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதே தெரியாது. lt-trim என்ற கருவியை, அதாவது எல்டி-ட்ரிம்மை, ஓட்டினால், இருமொழி அகராதியில் இல்லாத சொற்களை, முதல் அகராதியைக் கணினிக்கு ஏற்றபடி கம்பைல் செய்த கோப்பான பைனரியிலிருந்தே கழித்துவிடும். அப்போது தெரியாத சொல் என்ற நட்சத்திரக் குறியோடு '*கர்ஷகர்க்கு' என்று சொல் முழுசாக நிற்கும். கடைசியில் எழுத்தை மட்டும் தமிழுக்கு மாற்றிவிடுகிறேன். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது போதும், புரிந்துவிடும். இரண்டு மூன்று சொல்லாக எழுதும் தொடர்களுக்கும் இதே நன்மை உண்டு: முழுத் தொடர் இருமொழி அகராதியில் இல்லாவிட்டால், பிரிந்து தனித்தனிச் சொல்லாகவாவது மொழிபெயர்ந்து வரும். பைனரியும் சின்னதாகிறது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிறது.

ஆனால் கழிப்பதைச் சத்தமில்லாமல் கழிக்கும். எல்லாமே போய்க் காலியானால்தான் பிழை என்று நிற்கும். ஒரு அகராதியில் இடப்பெயர் என்றும் மற்றதில் வெறும் பெயர்ச்சொல் என்றும் டேக் (சொல்வகைக் குறி) இருந்தால் அந்தச் சொல் காலி. எதிர்த்திசைக்கு, அதாவது தமிழிலிருந்து மலையாளத்துக்கு மட்டும் என்று குறித்த பதிவும் அப்படியே. எண்களுக்கான வடிவத்தை இருமொழி அகராதியிலும் எழுதாவிட்டால் தேதி, தொகை எல்லாவற்றின் முன்னாலும் நட்சத்திரம் முளைக்கும். மலையாளத்துக்கே உரிய பள்ளம் 'ஆணு' ('ஆகும்' என்ற பொருளில் வருவது). தமிழில் அதற்கு ஈடு தேவைப்படாது என்பதால் இருமொழி அகராதியில் சேர்க்கத் தோன்றாது. ஆனால் 'கர்ஷகராணு' போல ஒட்டி வரும் சொல்லில் ஒவ்வொரு துண்டும் இருமொழி அகராதியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 'ஆணு' ஒட்டிய அத்தனை வடிவங்களும் மொத்தமாகப் போய்விடும். அதைச் சேர்த்துவிட்டு, பிறகு மொழிபெயர்ப்பு விதியில் நீக்குவதுதான் வழி.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. மலையாள வினையில் திணை, பால் காட்டும் விகுதி கிடையாது. 'வந்நு' என்றால் வந்தான், வந்தாள், வந்தது எல்லாமே. தமிழில் எழுவாயைப் பார்த்துத்தான் விகுதி போட வேண்டும். ட்ரிம் செய்ததில் எழுவாய் தெரியாத சொல்லாகிவிட்டால், அது உயர்திணை என்ற விவரமும் சேர்ந்தே போகிறது. கிருஷி ஆபீசர் தோட்டத்தைப் 'பார்வையிடும்' என்று வந்து நிற்கும். ட்ரிம் செய்யாத பைனரியில் பெயர் @ குறியோடு வந்தாலும் வினை 'பார்வையிடுவார்' என்று சரியாகவே வரும். மனிதரை அஃறிணையாக்கும் ஒரு நோட்டீசை ஊரில் ஒட்ட எனக்கு மனம் ஒப்பாது. அதனால் செயலாளர், உறுப்பினர், விண்ணப்பதாரர், பயனாளி என்று ஆட்களைக் குறிக்கும் சொற்களை மற்ற எதற்கும் முன்னால் இருமொழி அகராதியில் ஏற்றிவிடுகிறேன். பயிர், உரம், பூச்சி எல்லாம் அப்புறம்தான். அவை நட்சத்திரத்தோடு நின்றாலும் வாக்கியம் கெடுவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ட்ரிம் செய்யாத பைனரியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொடுக்கும் பிரதி ட்ரிம் செய்ததிலிருந்து வரட்டும். புது நோட்டீஸ் வந்தால் அதை மற்றதிலும் ஒருமுறை ஓட்டி, @ குறி விழும் சொற்களை அடிக்கடி வரும் வரிசையில் அடுக்குங்கள். அடுத்து எதைச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல் அதுதான். சேர்த்ததும் இருமொழி அகராதியை மறுபடி கம்பைல் செய்து ட்ரிம்மையும் மறுபடி ஓட்ட வேண்டும். இந்தக் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் மேக்ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அது தானாக நடந்துவிடும்.