அடிதடி வழக்குக்கு ஒய்.பி.ஜி.கே. இலவச வக்கீல்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு விமர்சனம்

காசு கொடுத்து வக்கீல் வைத்தால்தான் பிள்ளை வெளியே வருவான், இலவச வக்கீல் சும்மா பேருக்கு வந்து நிற்பார் என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தப்பு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், ஆனால் வீட்டில் வயசுப் பையன் இருக்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள்.

ஒய்.பி.ஜி.கே. என்பது யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான், தேசிய சட்ட உதவி அறவாரியம். 2011-இல் அமைத்தார்கள். போலீஸ் பிடித்த நேரத்திலிருந்து, ரிமாண்டு, ஜாமீன், விசாரணை வரைக்கும் குற்ற வழக்கில் மாட்டிய மலேசியக் குடிமக்களுக்கு வக்கீல் கொடுப்பது இவர்கள் வேலை. வருகிறவர்கள் அரசாங்க ஊழியர்கள் இல்லை, வெளியே சொந்தமாகத் தொழில் செய்கிற அதே வழக்கறிஞர்கள்தான். அவர்களுக்கான கட்டணத்தை அறவாரியம் கொடுக்கிறது.

எங்கள் வீட்டு விஷயம் இதுதான். அக்கா மகன் லோரியில் வேலை செய்கிறான். கோயில் திருவிழா முடிந்த ராத்திரி, மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்தில் வாய்த்தகராறு முற்றி, கையில் இருந்த ஹெல்மெட்டால் இன்னொரு பையன் தலையில் அடித்துவிட்டான். அந்தப் பையனும் நமக்குத் தெரிந்த குடும்பம்தான். தையல் போட்டார்கள். எலும்பு முறியவில்லை. விடிவதற்குள் இவன் லோக்கப்பில்.

முதலில் நாங்கள் போனது ஒரு தனியார் வக்கீல் ஆபீஸுக்கு. பெயர் வேண்டாம். எந்த செக்‌ஷன், காயம் எவ்வளவு, பையன் என்ன சொல்கிறான், எதையும் கேட்கவில்லை. முன்பணம் எவ்வளவு என்று சொன்னார்கள், அப்புறம் “ஒத்துக்கச் சொல்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார்கள். அக்கா தாலிச்செயினை அடகு வைக்கிற யோசனையில் இருந்தார். மறுநாள் காலை ரிமாண்டுக்கு நீதிமன்றம் போனோம், அங்கேதான் அறவாரியத்தின் வக்கீலம்மாவைப் பார்த்தோம். எங்களைத் தேடி வந்து, தமிழிலேயே பேசி, முதலில் கேட்ட கேள்வி: “காயம் பட்ட தம்பி எப்படி இருக்கார்?” எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது.

இனி முக்கியமான பகுதி. அடிதடி வழக்கு எப்படி முடியும் என்பது பாதிக்கு மேல் செக்‌ஷன் எண்ணிலேயே இருக்கிறது, அதை அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தண்டனைச் சட்டத்தில் 323 என்றால் சாதாரணக் காயம், அதிகபட்சம் ஓர் ஆண்டு சிறை அல்லது 2,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது இரண்டும். 324 ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது, 10 ஆண்டு வரை போகலாம், அபராதமும் பிரம்படியும் உண்டு. எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயம் என்றால் 325, ஏழு ஆண்டு வரை. அதையே ஆயுதத்தால் செய்தால் 326, 20 ஆண்டு வரை, அது மேஜிஸ்ட்ரேட்டிடம் நிற்காது, செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய்விடும். கட்டிய மனைவியை அடித்தால் 326ஏ, அதிகபட்ச சிறைக்காலம் இரட்டிப்பாகும், இதை நம் ஆண்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த எண்களைத் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். வெள்ளைக்காரன் போட்ட ஒரே சட்டத்திலிருந்து வந்ததால் எண்கள் ஒன்றாக இருந்தன, தண்டனை ஒன்றல்ல. அங்கே 324-க்கு மூன்று ஆண்டுதான் இருந்தது, இங்கே 10. அங்கே 2024 ஜூலை 1-ஆம் தேதி அந்தச் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள், நமக்கு இன்னும் அதே எண்கள்தான்.

ரிமாண்டிலும் இந்த எண் வேலை செய்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு மேஜிஸ்ட்ரேட் முதல் தடவை நான்கு நாள் வரைதான் கொடுக்கலாம், இரண்டாம் தடவை மூன்று நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஏழும் ஏழும். வக்கீலம்மா எழுந்து, வாக்குமூலம் எடுத்தாகிவிட்டது, ஹெல்மெட்டைக் கைப்பற்றியாகிவிட்டது, இன்னும் எதற்கு நாள் என்று கேட்டார். போலீஸ் கேட்டதை விடக் குறைவான நாள்தான் கிடைத்தது. அவர் இல்லாமல் இருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பான்.

324-இல்தான் குற்றம் சாட்டினார்கள். ஜாமீனில் வெளியே வந்தான். அக்கா உடனே பழத்தட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது ரிப்போர்ட்டை மீட்கச் சொல்கிறேன் என்று கிளம்பினார். தோட்டத்துப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள், தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி, முன்னால் பேசி முடித்த காலத்து ஞாபகம் அவர்களுக்கு. வக்கீலம்மா தடுத்தார், கோபப்படாமல் தடுத்தார். “அக்கா, ரிப்போர்ட்டை மீட்டாலும் கேஸ் தானா போகாது. நடத்துறதா விடுறதான்னு முடிவு பண்றது டிபிபி, அரசாங்க வக்கீல். நீங்க அவங்க வீட்டுக்குப் போனா சாட்சியை மிரட்டினதா ஆயிடும்.” 323 மாதிரிச் சிலவற்றில் அடிபட்டவரே சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதியோடுதான். இதைத் தெரியாமல் நம் ஊரில் எத்தனை குடும்பம் ஓடி அலைந்து, நீதிமன்ற வராந்தாவில் “எனக்கு ஆளைத் தெரியும்” என்று சொல்கிறவனிடம் காசைக் கொடுத்து ஏமாந்திருக்கிறது! அந்த மாதிரி ஆள் வந்தால் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு வேலை முழுக்க நடந்தது நீதிமன்றத்துக்கு வெளியில், தாளில். விசாரணைக்கு முன்னால் அரசுத் தரப்பு தன்னிடம் உள்ள ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, முதல் போலீஸ் ரிப்போர்ட்டும் அதில் ஒன்று. அதோடு மருத்துவ அறிக்கையையும் வக்கீலம்மா வரி விடாமல் படித்தார். எலும்பு முறிவு இல்லை, அன்று ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஹெல்மெட்டை 324 சொல்கிற ஆயுதமாக எடுக்க முடியுமா என்று டிபிபிக்குக் கடிதம் எழுதினார். இப்படி எழுதிக் கேட்பதை ரெப்ரசென்டாசி என்பார்கள். செபுத்தானுக்கு, அதாவது வழக்கைக் கூப்பிடும் தேதிக்கு, வந்து வந்து அடுத்த தேதி வாங்கிப் போவதில்தான் சனங்களுக்கு அலுத்துப்போகிறது, இங்கே என்ன நடக்கிறது என்றே புரியாமல். ஒவ்வொரு தேதிக்கும் ஏன் தள்ளிப்போனது என்று அவர் வராந்தாவில் நின்று சொன்னார். நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

கடைசியில் டிபிபி 323-க்கு இறக்கினார்கள். அப்போதும் உடனே ஒத்துக்கொள் என்று வக்கீலம்மா சொல்லவில்லை. உட்கார வைத்து, நீ அடித்தாயா, அவன் முதலில் கை வைத்தானா, தற்காப்பு என்று சொல்ல உண்மையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பையன் “நான்தான் அடிச்சேன்” என்றான். சரி, அப்படியானால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் புரிந்துகொண்டு ஒத்துக்கொள் என்றார். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார், விளைவு தெரியுமா என்று கேட்பார்கள், அப்புறம் சம்பவத்தின் விவரத்தை வாசிப்பார்கள். அந்த விவரத்தில் நீ செய்யாத ஒன்று இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், அப்போது நீதிமன்றம் உன் ஒப்புதலை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்பலாம். நம் பையன்கள் மலாய் தெரிந்தாலும் அந்த இடத்தில் பயத்தில் தலையை ஆட்டிவிடுகிறார்கள். ஆட்டின தலைக்குத் தண்டனைப் பதிவு வந்துவிடும், பிறகு சிங்கப்பூர் வேலைக்கு எழுதிப் போடும்போதுதான் அழுவார்கள்.

தண்டனைப் பதிவே இல்லாமல் விடுவிக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ-வைக் கேட்டுப் பார்த்தார். தலையில் காயம் என்பதால் மேஜிஸ்ட்ரேட் ஒத்துக்கொள்ளவில்லை. அபராதம் போட்டார், கட்டினோம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

குறை என்று சொன்னால், இந்தச் சேவை குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அடிபட்ட பையனுக்கு நீதிமன்றத்தில் யாரும் இல்லை. அவன் தாயார் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார், என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. டிபிபி அரசாங்கத்தின் வக்கீல், அவருடைய வக்கீல் இல்லை. எங்களுக்கு அந்தத் தாளில் எழுதிக் காட்டினதை அவருக்கும் யாராவது எழுதிக் காட்டியிருக்க வேண்டும். இதை அரசாங்கம் செய்தே ஆக வேண்டும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கிற நம் ஆட்கள் இதற்குள் வரமாட்டார்கள் என்பதும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவர்களையும் போலீஸ் பிடிக்கத்தானே செய்கிறது. வருமான வரம்பும் உண்டு, அதனால் சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிள்ளையைப் பிடித்தால் போலீஸ் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கும் வக்கீலுக்கும் போன் பண்ண அவனுக்கு உரிமை இருக்கிறது, அந்தப் போனிலேயே ஒய்.பி.ஜி.கே. வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அடிபட்ட பக்கம் நீங்கள் என்றால், ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் ஆகியும் தகவல் இல்லாவிட்டால் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ என்று சொல்லிக் கேளுங்கள். மருந்துச் செலவு ரசீது, வேலைக்குப் போகாத நாளின் சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) கையில் கொடுத்து, அதே சட்டத்தின் 426-இல் நஷ்டஈடு கேட்கும்படி டிபிபியிடம் தீர்ப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.