முத்துலட்சுமி ரெட்டியும் இரட்டைமலை சீனிவாசனும்: சென்னை மேலவையில் இருவர்

இருவரும் தேர்தலில் வென்றவர்கள் அல்லர். சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டவர்கள். ஒற்றுமை ஏறத்தாழ அத்துடன் முடிகிறது.

சீனிவாசன் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர், பத்திரிகைக்காரர். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். 1923இல் அவைக்கு வந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம் யாவும் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்று 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. மறுஆண்டு அரசிதழிலும் வந்தது. ஆனால் தீர்மானத்தை மீறுபவரை யார் தண்டிப்பது? பலவீனம் அங்கேதான்.

புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி, அவையின் துணைத்தலைவரானவர், சட்டத்தையே பிடித்துக்கொண்டார். தேவதாசி முறைக்கு எதிரான அவரது முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது 1929 சட்டத் திருத்தம்: கோயில் பணியிலிருந்து விடுபட்ட பெண்கள், அப்பணிக்காகத் தரப்பட்ட மானிய நிலத்தை இழக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டை மறக்காத சீர்திருத்தம் அபூர்வம். பொட்டுக்கட்டுவதையே, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கையே தடுக்கும் அவரது மசோதா மட்டும் இழுத்தடிக்கப்பட்டது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகிவிட்டார். தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது.

சட்ட நுணுக்கத்தில் முத்துலட்சுமிக்கே என் வாக்கு. துணிச்சலில் சீனிவாசனுக்கு: அந்த அவையில் இருந்த பலரது ஊர்க் கிணற்றையே அவர் கேட்டார்.