உப்பில்லா நெத்திலிக் கருவாடு: நாய்ச் சோற்றுக்கு வாங்கலாமா?

தினமும் தயிர்சாதத்தையே பார்த்துச் சலித்த நாய்க்கு இது நல்ல மாற்று. ஆனால் 'உப்பில்லா' என்ற பெயரை அப்படியே நம்பக் கூடாது. கடல்நீரின் உப்பு ஒட்டியே இருக்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் உப்பு குறையும், மணலும் அடியில் இறங்கிவிடும். பிறகு 5 நிமிடம் வேகவைத்து, மசித்த பரங்கிக்காயோடு சோற்றில் பிசையலாம். 10 கிலோ நாய்க்கு நாளுக்கு நாலைந்து மீன் போதும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள், படக்கென்று முறிய வேண்டும். வயிறு மஞ்சளித்துச் சிக்கு வாடை அடித்தால் பழைய சரக்கு. முதல் தடவை ஒரே மீனோடு நிறுத்துங்கள்; அள்ளிப் போட்டால் பேதிதான். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு வேண்டாம்.