கடலில் இணையம்: கப்பல் வைஃபையா, கரையோர இ-சிம்மா?

சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு ஐந்தாம் நாள் காலையில் திரும்பும் நான்கு இரவுச் சொகுசுக் கப்பல் பயணத்தை நானும் என் மனைவியும் இருமுறை மேற்கொண்டிருக்கிறோம். முதல் முறை 2018இல், அடுத்தது 2024இல். முதல் பயணத்தில் கப்பல் நிறுவனம் விற்ற வைஃபை திட்டத்தை இரண்டு கைபேசிகளுக்கும் முழுப் பயணத்துக்குமாக வாங்கினோம். இரண்டாம் பயணத்தில் அதைத் தவிர்த்து, கரையோரக் கோபுரங்களில் வேலை செய்யும் ஓர் இ-சிம்மையும் (அட்டை இல்லாமல் கைபேசியிலேயே நிறுவிக்கொள்ளும் சிம்), கடைசி நாளுக்கு மட்டும் ஒரு கைபேசிக்கான 24 மணி நேர வைஃபையையும் வைத்துக்கொண்டு சமாளித்தோம். என் சாய்வை மறைக்க விரும்பவில்லை: துறைமுகங்கள் நெருக்கமாக அமைந்த குறுகிய பயணங்களுக்கு இரண்டாவது வழியே சரி என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் வேகம் அன்று. விலைகூட நேரடிக் காரணம் அன்று. மணிக்கணக்குதான் காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெரிய கப்பல்களில் சொந்தமாகக் கைபேசிக் கோபுரம் இருக்கும். துறைமுகத்தை விட்டு விலகியதும் அது இயங்கத் தொடங்கும். கைபேசியின் மேல்பட்டியில் ‘செல்லுலார் அட் சீ’ என்றோ, 901 என்று தொடங்கும் எண்ணாகவோ ஒரு வலையமைப்பின் பெயர் தோன்றும். கைபேசியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வெளிநாட்டு ரோமிங்தான். ஆனால் நாம் ஊரில் வாங்கிக்கொண்டு வரும் சாதாரண ரோமிங் திட்டங்கள் பொதுவாக அதற்குச் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் ரோமிங் வழங்கும் விதிகூடக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்புக்குப் பொருந்தாது. என் மைத்துனர் ஒருவர் கைபேசியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அன்றைய புகைப்படங்கள் எல்லாம் இரவில் தாமாகவே சேமிப்புக் கணக்குக்கு ஏறத் தொடங்கியதில், ஊர் திரும்பியபோது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பில் வந்திருந்தது. கப்பல் நகரத் தொடங்கியதும் ஃப்ளைட் மோடைப் போட்டு, தேவையென்றால் வைஃபையை மட்டும் தனியாக இயக்கிக்கொள்வதே பாதுகாப்பு. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனிக் கப்பலின் வைஃபை. 2018இல் எங்களுக்குக் கிடைத்ததை இணையம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்திகள் போய்விடும். படம் அனுப்பினால் கடிகாரக் குறி சுற்றிக்கொண்டே இருக்கும். இரவு உணவு முடிந்து எல்லோரும் அறைக்குத் திரும்பும் நேரத்தில் அதுவும் நின்றுவிடும். அப்போது கப்பல் ஊழியர்கள்மேல் கோபம் வந்தது உண்மைதான் என்றாலும், பிறகு யோசித்தபோது தவறு பெரும்பாலும் தூரத்தினுடையது என்று புரிந்தது. அக்காலத்தில் பெரும்பாலான கப்பல்கள் நம்பியிருந்த செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்றபடி நிற்பவை. நம் கோரிக்கை கப்பலிலிருந்து அங்கே ஏறி, தரை நிலையத்துக்கு இறங்கி, பதில் அதே பாதையில் திரும்ப வேண்டும். அந்த நான்கு தாவல்களையும் கூட்டினால் ஏறக்குறைய 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி ஆகிவிடும். ஓர் இணையப் பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும் என்பதால், அந்த அரை விநாடிகள் சேர்ந்து நிமிடமாகத் தெரியும். கிடைக்கும் அலைவரிசையோ மூவாயிரம் நாலாயிரம் பயணிகளுக்குப் பொது. மலாக்கா நீரிணையில் மாலை மழை பிடித்துக்கொண்டால், உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகளே பாதி விழுங்கிவிடும்.

2024இல் நிலைமை மாறியிருந்தது. 550 கிலோமீட்டர் அளவிலான உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் சேவையைத் தன் கப்பல்கள் அனைத்திலும் நிறுவப்போவதாக ராயல் கரீபியன் 2022 ஆகஸ்டில் அறிவித்தது; அதே ஆண்டின் இறுதியில் கார்னிவல் குழுமமும் அறிவித்தது. இன்று பெரிய நிறுவனங்கள் பெரும்பாலானவை அந்தப் பக்கம் வந்துவிட்டன. நான் வாங்கிய ஒரு நாள் வைஃபையில், நடுக்கடலிலிருந்து திருச்சியில் உள்ள அம்மாவோடு காணொளியில் பேசினேன். முகம் உறையவில்லை, குரல் முந்தவோ பிந்தவோ இல்லை. அறையின் உட்புறத்தில் இரும்புச் சுவர்களுக்கு நடுவே ஓரிருமுறை அறுந்ததைத் தவிர, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, ‘கப்பல் இணையம் என்றால் நத்தை’ என்ற பழைய புகார், கப்பலில் எந்தச் செயற்கைக்கோள் சேவை இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதி காலாவதியாகிவிட்டது. முன்பதிவு செய்யும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

விலை மட்டும் இறங்கவில்லை. ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 அமெரிக்க டாலர் வரை என்பதே பொதுவான நிலை. புறப்படுமுன் வாங்கினால் சற்றுக் குறையும், கப்பலில் ஏறிய பிறகு வாங்கினால் கூடும். சில நிறுவனங்கள் சமூக ஊடகத்துக்கு மட்டும் ஒரு திட்டம், காணொளிக்கும் அலுவலக வேலைக்கும் வேறொரு திட்டம் என்று அடுக்கி வைத்திருக்கும். மலிவான திட்டத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யுமா என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் ஆளுக்கு அன்று, கருவிக்கு. ஒரு கைபேசியில் வெளியேறி இன்னொன்றில் நுழைந்து பகிர்ந்துகொள்ளப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். ஆனால் சொந்த ரவுட்டரைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பதைச் சில நிறுவனங்கள் தடைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றன. கப்பலில் வேறு கடை இல்லை என்பதை அறிந்து வைத்த விலை இது. செயற்கைக்கோள் கீழே வந்ததால் விலையும் கீழே வரும் என்று எதிர்பார்த்தது என் வெகுளித்தனம்.

இப்போது மணிக்கணக்கு. கப்பல் வைஃபையைப் பற்றிப் பேசுவோர் பலரும் வேகத்தையும் நாள் விலையையும் பேசுகிறார்கள். அந்த வைஃபை கப்பலை விட்டு இறங்காது என்ற எளிய உண்மையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் பினாங்கில் இறங்கி, சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்துபோய், மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மதியம் தவறிய பசிக்கு நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாம் பணம் கொடுத்து வாங்கிய வைஃபை கப்பலின் காலி அறையில் யாருக்கும் பயன்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். வழி தேடவும் வாடகைக் கார் கூப்பிடவும் இணையம் மிகவும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். அதற்கு எப்படியும் தனியாக ஒரு சிம் வாங்கத்தான் போகிறோம். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி, பயணம் எத்தனை நாள் என்பதன்று. கரையின் அலை எட்டாத இடத்தில் நாம் விழித்திருக்கும் நேரம் எத்தனை மணி என்பதுதான்.

எங்கள் 2024 பயணத்தின் அட்டவணையை எடுத்து, ஒரு தாளில் இதை எழுதிப் பார்த்தேன். முதல் நாள் பகல் ஒரு மணிக்கு ஏறினோம். மாலையில் கப்பல் கிளம்பியும் ஏழு மணி வரை கரையின் அலை இருக்கும், அதன் பிறகு உறங்கும்வரை நான்கு மணி நேரம் இருக்காது. இரண்டாம் நாள் பினாங்கை நெருங்கப் பகல் ஒரு மணி ஆகும். காலையில் ஆறு மணி நேரம் இல்லை, பிறகு இரவு பதினொன்று வரை உண்டு. மூன்றாம் நாள் புக்கெட். காலையில் இரண்டு மணி நேரமும் இரவில் இரண்டு மணி நேரமும் இல்லை. நான்காம் நாள் முழுவதும் கடல். பதினாறு மணி நேரம் இல்லை. ஐந்தாம் நாள் கண் விழிக்கும்போதே சிங்கப்பூர். ஆக, விழித்திருந்த ஏறக்குறைய அறுபது மணி நேரத்தில் அலை எட்டாதது முப்பது; அந்த முப்பதில் பதினாறு ஒரே நாளில் குவிந்து கிடக்கிறது.

கணக்கு இப்படி விழுந்ததும் முடிவு தானாகவே வந்துவிட்டது. முழுப் பயணத் திட்டத்துக்கு எங்களிடம் கேட்கப்பட்டது கருவிக்கு 80 டாலர், இருவருக்கும் 160. அதற்குப் பதிலாக 14 டாலருக்கு ஓர் இ-சிம் வாங்கி, அதை என் கைபேசியில் போட்டு ஹாட்ஸ்பாட் வழியாக மனைவிக்கும் கொடுத்தேன். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு கருவிக்கான 24 மணி நேர வைஃபையை 27 டாலருக்கு வாங்கி, இருவரும் மாறி மாறிப் பயன்படுத்தினோம். மொத்தம் 41 டாலர். எங்களுக்கு இணையம் இல்லாமல் போனது மூன்று நாட்களில் சிதறிக் கிடந்த பதினான்கு மணி நேரம். அதில் பெரும்பகுதி இரவு உணவு, நாடகம், காலைப் பலகாரம் என்று கழிந்தது. அந்தப் பதினான்கு மணி நேரத்துக்கு 119 டாலர் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், மாட்டேன்.

இ-சிம்மிலும் சில நெளிவுசுளிவுகள் உண்டு. ஒரே நாட்டுக்கானதை வாங்கக் கூடாது. சிங்கப்பூர் நீரிணையில் ஒருபுறம் சிங்கப்பூரும் ஜொகூரும், மறுபுறம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவும் இருப்பதால், கைபேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து நான்கையும் சேர்த்த வட்டாரத் திட்டமாக இருந்தால் கப்பல் கிளம்பிய பின்னும் நீண்ட நேரம் அலை தொடரும். நிறுவும்போது இணையம் வேண்டும் என்பதால் அதை ஊரிலேயே நிறுவிவிட வேண்டும். கரை விளக்குகள் தெரிகிற தூரத்தில், அறைக்குள் செத்துக் கிடக்கும் கைபேசி மேல்தளத்துக்குப் போனால் உயிர் பெறுவதைப் பலமுறை பார்த்தேன். ஆனால் அங்கே ஃப்ளைட் மோடை எடுக்கும்போது கப்பலின் சொந்தக் கோபுரம் குறுக்கே வராதபடி, அமைப்பில் வலையமைப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்து, கரை நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கைபேசிகள் பல இ-சிம்மை ஏற்காது. அப்படியானால் துறைமுகத்தில் சாதாரண சிம் வாங்குவதைத் தவிர வழியில்லை, அதற்குக் கடவுச்சீட்டோடு கடையில் சிறிது நேரம் செலவாகும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கப்பல் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும், வங்கி குறுஞ்செய்தியாக அனுப்பும் ஓடிபி அதன் வழியாகச் சாதாரணமாக வருவதில்லை. அது கைபேசிக் கோபுரத்தின் வழியாக வருவது. இரண்டாம் பயணத்தில், நடுக்கடலில் வைஃபையும் இருந்தது, காப்பீட்டுத் தவணைக்கான கடைசி நாளும் இருந்தது, ஓடிபிதான் வரவில்லை. இந்தியச் சிம்மில் ரோமிங்கை மட்டும் இயக்கி, டேட்டாவை அணைத்து வைத்திருந்தால், துறைமுகத்தில் நிற்கும்போது குறுஞ்செய்தி வந்துவிடும். பணம் கட்டும் வேலைகளைத் துறைமுக நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. இதில் 80 டாலர் திட்டமும் 14 டாலர் இ-சிம்மும் ஒன்றுதான், சொல்லப்போனால் கரையிலும் இணையம் கையில் இருக்கும் இ-சிம்காரருக்கே ஒரு படி மேல்.

கப்பல் வைஃபையே சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு. வீட்டில் உடல்நலமில்லாத பெரியவரை விட்டுவிட்டு வந்தவர்கள், விடுப்பிலும் அலுவலகக் கூட்டத்தில் தலைகாட்ட வேண்டியவர்கள் ஆகியோருக்கு அந்தப் பதினான்கு மணி நேரம் நீண்டதாகத் தெரியும். அவர்கள் புறப்படுமுன்பே ஒரு கருவிக்கு வாங்கிவிடலாம். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள் அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 போன்ற கப்பலில் இ-சிம்முக்கு வேலையே இல்லை. நார்வேயின் மலையிடுக்குக் கழிமுகங்களிலும் அலாஸ்காவிலும் பழைய வகைச் செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பதால் மலைகள் அதை மறைத்துவிடும் என்பதால், அங்கே செல்வோர் கப்பலில் எந்தச் சேவை என்பதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். நான் போய்வந்தது மலாக்கா நீரிணையில் மட்டுமே. என் கணக்கின் வலுவும் அந்த நீரிணையின் குறுகலில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் என் அக்கா குடும்பத்தோடு பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவுப் பயணம் போகிறார். நான்கு கருவிகளுக்கு வைஃபை வாங்கவா என்று கேட்டார். அட்டவணையை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்: பிரான்ஸ், இத்தாலி என்று நாளொரு துறைமுகம், ஒரே ஒரு கடல் நாள். ஐரோப்பாவுக்கான இ-சிம் இரண்டு, கடல் நாளுக்கு ஒரு வைஃபை, புறப்பட்டதும் எல்லோருக்கும் ஃப்ளைட் மோட் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அத்தானின் அலுவலகம் அவரை விடுமா என்பதைப் பொறுத்து அவருக்கு மட்டும் முழுத் திட்டம் சேரலாம்.